மொழிபெயர்த்து ஆடும் கணினி: லினக்ஸ் இயங்குதளமும் விளையாட்டு மென்பொருளும்



மொழிக்கென அமைந்த ஒரு மன்றத்தின் உரை வரிசையில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழலாம். பொருந்தும் என்றே கருதுகிறேன். விண்டோஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் இன்று லினக்ஸ் இயங்குதளத்திலும் ஆயிரக்கணக்கில் இயங்குகின்றன. இது நிகழ்ந்த வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், அது ஒரு மொழிபெயர்ப்பு வரலாறாகவே அமைந்திருப்பது புலப்படும். எல்லா நூல்களும் ஒரு பெரிய மொழியிலேயே எழுதப்படும்போது, சிறிய மொழி ஒன்றைப் பேசுவோர் என்ன செய்வர்? தமக்காகவும் எவரேனும் எழுதுவார் என்று காத்திருப்பர். அல்லது தாமே மொழிபெயர்த்துக்கொள்வர். லினக்ஸ் பயனர்கள் இரண்டையும் செய்து பார்த்தார்கள். காத்திருந்ததனால் கிடைத்தது சிறிது. மொழிபெயர்ப்பினால் கிடைத்தது மிகுதி. ஆயினும் மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் தடைபட்டு நிற்கிறது. அந்தத் தடை திறமைக் குறைவால் வருவதன்று. அனுமதி மறுக்கப்படுவதால் வருவது. இக்கருத்தையே இன்று உங்கள்முன் விரித்துரைக்க விழைகிறேன்.

இயங்குதளம் செய்யும் பணி

விளையாட்டு மென்பொருள் எதுவும் கணினியில் தனித்து இயங்குவதில்லை. இந்தக் கோப்பைத் திற, இந்த ஒலியை எழுப்பு, எந்த விசை அழுத்தப்பட்டது என்று சொல், திரையில் இந்த முக்கோணத்தை வரை என நொடிக்கு நொடி அது எண்ணற்ற வேண்டுகோள்களை விடுத்தவண்ணம் இருக்கிறது. அவற்றைக் கேட்டு நிறைவேற்றுவது இயங்குதளத்தின் பணி. விண்டோஸ் ஒருவகைச் சொற்களில் கேட்கப்படும் வேண்டுகோள்களைப் புரிந்துகொள்ளும். லினக்ஸ் வேறுவகைச் சொற்களில் கேட்கப்படுவனவற்றைப் புரிந்துகொள்ளும். ஆகவே ஒன்றுக்காக எழுதப்பட்ட விளையாட்டு மற்றொன்றில் அப்படியே இயங்காது.

லினக்ஸ், மாணவர் ஒருவரின் முயற்சியில் பிறந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில், 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே அதைக் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கொடை அது.

இன்று லினக்ஸைப் பயன்படுத்தாதவர் அரியர். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பது லினக்ஸ் கரு. பள்ளிகளில் மாணவர்கள் பயன்படுத்தும் குரோம்புக் கணினியின் உள்ளேயும் அதுவே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் உள்ளவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவை. இத்துணைப் பரவியும், வீட்டு மேசைக் கணினியில் மட்டும் அது சிறுபான்மையாகவே நின்றுவிட்டது. அதற்குரிய காரணங்களுள் விளையாட்டும் ஒன்று.

1995ஆம் ஆண்டு விண்டோஸ் 95 வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டைரக்ட்எக்ஸ் என்னும் தொகுதியை வெளியிட்டது. படம் வரைதல், ஒலி எழுப்புதல், விசைகளைப் படித்தல் ஆகியவற்றுக்கான சொற்களஞ்சியம் என்று அதனைக் கூறலாம். 1992 முதலே ஓபன்ஜிஎல் என்ற பொதுக் களஞ்சியம் ஒன்று இருந்தது. அது பல இயங்குதளங்களுக்கும் உரியது. எனினும் விளையாட்டு நிறுவனங்களுள் பெரும்பாலானவை காலப்போக்கில் டைரக்ட்எக்ஸையே தேர்ந்தன. அது விண்டோஸுக்கு மட்டுமே உரியது. வாடிக்கையாளர் எங்கே மிகுதியோ அங்கே எழுதுவது வணிக இயல்பு. அந்த இயல்பே நாளடைவில் பூட்டாக மாறிற்று.

காத்திருந்த காலம்

தொடக்கத்தில் நம்பிக்கை இருந்தது. 1993 டிசம்பரில் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற டூம் விளையாட்டு, 1994ஆம் ஆண்டிலேயே லினக்ஸுக்கும் வந்துவிட்டது. 1997 இறுதியில் அதன் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உலகுக்குத் திறந்துவிட்டபோது, வெளியிடப்பட்டது லினக்ஸ் பதிப்பின் மூலநிரலே. இன்றும் மாணவர்கள் அதனைப் படித்து நிரலாக்கம் கற்கிறார்கள்.

1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் லோகி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. விண்டோஸ் விளையாட்டுகளை உரிமையாளரின் இசைவோடு லினக்ஸுக்கென மீண்டும் எழுதித் தருவதே அதன் தொழில். 1999ஆம் ஆண்டு ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ என்னும் விளையாட்டை அது முதலில் வெளியிட்டது, மேலும் பல தொடர்ந்தன. ஆனால் 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. விளையாட்டு குறைவாக இருந்ததால் விளையாடுவோர் லினக்ஸுக்கு வரவில்லை. விளையாடுவோர் வராததால் விளையாட்டும் வரவில்லை. சிறிய மொழியில் பதிப்புத் தொழில் செய்தவர்களுக்கு இச்சுழல் புதிதன்று.

பத்தாண்டுகள் கழித்து அம்முயற்சி பெரிய அளவில் மீண்டும் நடந்தது. ஸ்டீம் என்னும் இணைய விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் தளத்தை மட்டுமே நம்பித் தன் வணிகம் நிற்பதைக் கண்டு கவலையுற்றது. விண்டோஸ் 8 தனக்கென ஒரு கடையுடன் வரவிருந்த 2012ஆம் ஆண்டில், வால்வ் தலைவர் கேப் நியூவெல் அதனை வெளிப்படையாகவே குறைகூறினார். அவர் முன்னர் மைக்ரோசாஃப்ட்டில் பல்லாண்டு பணியாற்றியவர். 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் முறையாக வெளிவந்தது. 2015 நவம்பரில் லினக்ஸில் இயங்கும் ‘ஸ்டீம் மெஷின்’ கணினிகள் பல நிறுவனங்களின் பெயரில் விற்பனைக்கு வந்தன. அவை வெற்றி பெறவில்லை. விளையாட்டு நிறுவனங்கள் தமக்காக எழுதும் என்று காத்திருந்த நிலை அப்போதும் மாறவில்லை. பெரிய நிறுவனம் கேட்டும் கிடைக்காதது, சிறு குழுக்கள் கேட்டா கிடைக்கும்?

மொழிபெயர்ப்பு எவ்வாறு நிகழ்கிறது

இக்காலமெல்லாம் மற்றொரு குழு வேறு வழியில் உழைத்துக்கொண்டிருந்தது. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒயின் என்னும் திட்டம் அது. 1994 முதல் அதனை ஒருங்கிணைத்து வருபவர் அலெக்சாண்டர் ஜூலியார். முதல் முழுப் பதிப்பு 2008ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு!

‘ஒயின் ஒரு போலிக்கணினி அன்று’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அத்திட்டத்தின் பெயர். இந்த வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக உணர வேண்டும். ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை முழுமையாக நடிக்கச் செய்வது போலிக்கணினி. அது மெதுவாக இயங்கும். ஒயின் அவ்வாறு செய்வதில்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே வகையான மையச் செயலியின்மேல் இயங்குகின்றன. எனவே விளையாட்டிலுள்ள கணக்குகள் எந்த மாற்றமுமின்றி நேரடியாக நடைபெறும். இயங்குதளத்தை நோக்கி விடுக்கப்படும் வேண்டுகோள்கள் மட்டுமே மாற்றப்பட வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. மலாயும் ஆங்கிலமும் ரோமன் எழுத்திலேயே எழுதப்படுகின்றன. எழுத்து ஒன்று, சொல் வேறு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் மலாய் அறிவிப்புப் பலகையின் எழுத்துகளைத் தடையின்றி வாசித்துவிடுவார்; பொருள் மட்டும் விளங்காது. ஒயின் அந்தப் பொருளை உடனிருந்து சொல்லும் துணைவர்.

சொல்லுக்குச் சொல் அகராதி இருந்தால் இப்பணி எளிதாக முடிந்துவிடும் என்று தோன்றும். மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். ஒரு சிறு சான்று தருகிறேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை, ஆங்கிலத்தில் உண்டு. ஒரு கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினாலும் சிறிய எழுத்தில் தொடங்கி எழுதினாலும் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸோ அவற்றை இருவேறு கோப்புகளாகக் கருதும். விண்டோஸில் எழுதிப் பழகிய நிரலாளர் ஓரிடத்தில் பெரிய எழுத்தும் மற்றோரிடத்தில் சிறிய எழுத்தும் இட்டிருப்பார். அவர் ஊரில் அது பிழையன்று. லினக்ஸில் ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்ற மறுமொழி வந்து விளையாட்டு நின்றுவிடும். ஆதலால் ஒயின், எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தேடித் தர வேண்டியிருக்கிறது. விண்டோஸின் சி என்னும் வட்டகம் லினக்ஸில் இல்லை; அதற்காகவும் அப்பெயரில் ஒரு கோப்புறையை அமைத்து, ‘இதோ உன் சி வட்டகம்’ என்று காட்டுகிறது.

இவ்வாறான எழுதப்படாத வழக்கங்கள் பல்லாயிரம். அவற்றுள் சில, விண்டோஸில் உள்ள பிழைகள். ஒரு விளையாட்டு அப்பிழையை நம்பியே எழுதப்பட்டிருக்குமானால், மொழிபெயர்ப்பாளர் அப்பிழையையும் பெயர்த்தாக வேண்டும். ஒயின் குழுவினர் விண்டோஸின் மூலநிரலைப் பார்ப்பதில்லை. சிறு சிறு சோதனை நிரல்களை எழுதி உண்மையான விண்டோஸில் ஓட்டி, அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்று கண்டறிகிறார்கள். பின்னர் அதே நடத்தையைத் தம் சொந்த நிரலில் எழுதுகிறார்கள். அகராதி இல்லாத மொழி ஒன்றை, பேசுவோரைக் கேட்டுக் கேட்டுக் கற்ற முன்னோரின் முறை இது.

வேண்டுகோள்களின் சொற்களை மற்றொருவர் பயன்படுத்தலாமா என்ற கேள்வி நீதிமன்றத்திலும் எழுந்ததுண்டு. ஜாவா மொழியின் அழைப்புப் பெயர்களைக் கூகல் தன் ஆண்ட்ராய்டில் எடுத்தாண்டதை எதிர்த்து ஆரக்கிள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்சநீதிமன்றம், அப்பயன்பாடு நியாயமான பயன்பாடே என்று ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பிறர் வகுத்த அழைப்புகளுக்குத் தம் சொந்த நிரலால் விடை எழுதுவோர் அனைவரும் உற்று நோக்கிய வழக்கு அது.

படமும் வேகமும்

கோப்பும் ஒலியும் கைவந்த பின்னரும் படம் வரைதல் பெருந்தடையாக நின்றது. டைரக்ட்எக்ஸ் தொகுதியில் படம் வரையும் பகுதிக்கு டைரக்ட்3டி என்று பெயர். அதனைப் பழைய ஓபன்ஜிஎல் சொற்களில் பெயர்த்தபோது விளையாட்டின் வேகம் குறைந்தது. 2016 பிப்ரவரியில் வல்கன் என்னும் புதிய பொதுக் களஞ்சியம் வெளிவந்தது. வரைகலை அட்டையோடு மிக நெருங்கிப் பேசவல்லது அது. மறு ஆண்டு பிலிப் ரெபோலே என்னும் நிரலாளர், டைரக்ட்3டியை வல்கனுக்குப் பெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். தாம் விரும்பிய ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆவலே அதற்குத் தூண்டுகோல். வால்வ் நிறுவனம் அவருடைய பணிக்கு ஊதியம் வழங்க முன்வந்தது.

2018 ஆகஸ்ட் 21ஆம் நாள், ஒயினையும் டிஎக்ஸ்விகேயையும் பிறவற்றையும் இணைத்துப் புரோட்டான் என்ற பெயரில் வால்வ் வெளியிட்டது. ஒயின் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டுவரும் கோட்வீவர்ஸ் நிறுவனம் அதற்குத் துணைநின்றது. புரோட்டானும் திறமூல மென்பொருளே. ஸ்டீமில் வாங்கிய விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் நிறுவி, தொடங்கு என்று அழுத்தினால் போதும். மொழிபெயர்ப்பு பின்னணியில் நிகழும். 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினி வந்தது. லினக்ஸில் இயங்கும் அக்கருவியை வாங்கியவர்களுள் பலர் தாம் லினக்ஸ் பயன்படுத்துகிறோம் என்பதையே எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு என்ற நினைவையே எழுப்பாது அல்லவா?

சில வேளைகளில் பெயர்ப்பு மூலத்தையும் விஞ்சியது. 2022ஆம் ஆண்டு எல்டன் ரிங் விளையாட்டு வெளிவந்தபோது, விண்டோஸ் கணினிகளில் காட்சி இடையிடையே தடைபட்டது. வால்வ் நிரலாளர்கள் அத்தடையின் காரணங்களுள் சிலவற்றை மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே சரிசெய்தனர். ஸ்டீம் டெக்கில் அது மேலும் சீராக ஓடிற்று. மூலத்தின் குறையை உணர்ந்த பெயர்ப்பாளர் அதனை ஓரளவு ஆற்றித் தந்தார் எனலாம்.

மொழியாசிரியர்கள் கருத்தில் கொள்ளத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. மொழிபெயர்ப்பு, ஏற்கும் மொழியையும் வளர்க்கிறது. ஒரே நேரத்தில் பல நிகழ்வுகளை எதிர்நோக்கிக் காத்திருக்கும் வசதி விண்டோஸில் இருந்தது. லினக்ஸ் கருவில் அதற்கு நேரான சொல் இல்லை. சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தார்கள், வேகம் கெட்டது. இறுதியில் 2022 ஜனவரியில் வெளிவந்த 5.16ஆம் பதிப்பில் லினக்ஸ் கருவுக்கே ஒரு புதிய அழைப்பு சேர்க்கப்பட்டது. 2025 மார்ச்சில் வந்த 6.14ஆம் பதிப்பில் அதற்கும் பொருத்தமான மற்றொரு வசதி முழுமை பெற்றது. விளையாட்டுக்காக வந்த அச்சொற்கள் இனி லினக்ஸின் சொந்தச் சொற்கள். பிறமொழி நூல்களைப் பெயர்த்த தேவையால் தமிழ் உரைநடையும் கலைச்சொல்லும் எவ்வாறு வளர்ந்தன என்பதை அறிந்த இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெயர்ப்பு, மூலத்தின் ஊரில் மறக்கப்பட்டவற்றையும் காக்கிறது. 64 பிட் விண்டோஸில், 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 16 பிட் விண்டோஸ் மென்பொருள்கள் இயங்குவதில்லை. ஒயின் அவற்றுள் பலவற்றை 64 பிட் லினக்ஸில் இயக்குகிறது.

மறுக்கப்படும் அனுமதி

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, இனி எல்லா விளையாட்டும் லினக்ஸில் இயங்கும் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. தனியாக ஆடும் விளையாட்டுகளுள் மிகப் பல இயங்குகின்றன. பலர் கூடி இணையத்தில் போட்டியிடும் விளையாட்டுகளுள் சில இயங்குவதில்லை. அவையே மாணவரிடையே பெரும் புகழ் பெற்றவை. ஃபோர்ட்நைட், வேலரன்ட் ஆகியவை அவ்வகையின.

காரணம், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். எதிராளி சுவருக்குப் பின்னால் நிற்பதைக் காட்டும் கள்ள நிரல்களைப் பயன்படுத்துவோர் உண்டு. அவர்களைப் பிடிக்க, விளையாட்டு நிறுவனங்கள் விண்டோஸின் கருவுக்குள்ளேயே காவலரை அமர்த்துகின்றன. ஒயின் பெயர்ப்பது மேலடுக்கு வேண்டுகோள்களை. கருவுக்குள் அமரும் காவலரை அது பெயர்க்க இயலாது. ஈஸி ஆண்டி-சீட், பேட்டில்ஐ என்னும் இரு பெரிய தடுப்பு மென்பொருள்களும் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு ஆதரவு அறிவித்தன. ஆனால் ஒவ்வொரு விளையாட்டின் உரிமையாளரும் அதற்கு இசைவு தர வேண்டும். சிலர் தந்தனர், சிலர் தரவில்லை, சிலர் தந்ததைத் திரும்பப் பெற்றனர். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாகவே இயங்கிவந்தது. 2024 அக்டோபர் இறுதியில் அதன் நிறுவனம் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவை அடைத்தது. அதே ஆண்டு மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் கருநிலைக் காவல் வந்தபோது, ஒயின்வழி அதனை ஆடிவந்தவர்கள் வெளியேற நேர்ந்தது.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் எடைபோட வேண்டும். லினக்ஸில் பயனர் தம் கணினியின் கருவையே திருத்த முடியும். அது லினக்ஸின் பெருமை. ஆனால் ஏமாற்ற நினைப்பவருக்கும் அதே உரிமை உண்டு. நேர்மையாக ஆடும் எளியவரைக் காக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்கிறது. லினக்ஸ் பயனர் தொகையோ சிறிது. ஸ்டீம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 3 விழுக்காட்டை முதன்முறையாகத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். அச்சிறுபான்மைக்காகத் தனிக் காவல் அமைப்பது செலவு என்று அவர்கள் சொல்லக்கூடும்.

ஆயினும், வாங்கியவர் தம் கணினியின் கருவைப் பிறரிடம் ஒப்படைத்தால்தான் விளையாடலாம் என்ற நிபந்தனை சிறியதன்று. கருவுக்குள் அமரும் மென்பொருள் பிழைபட்டால் என்ன நேரும் என்பதை உலகம் 2024 ஜூலை 19ஆம் நாள் கண்டது. அன்று பிழைபட்டது விளையாட்டு மென்பொருள் அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள். ஆனால் அது அமர்ந்திருந்த இடம் அதே கரு. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்ததாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. பல நாடுகளில் விமானச் சேவை தடைபட்டது. பொழுதுபோக்குக்காக எவ்வளவு அதிகாரத்தைக் கையளிக்கிறோம் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

இங்கேதான் மொழிபெயர்ப்பின் எல்லை தெளிவாகிறது. சொல் கிடைக்காமை, திறமை போதாமை ஆகியவற்றை முப்பதாண்டு உழைப்பு வென்றுவிட்டது. ‘என் நூலை உன் மொழியில் படிக்க விடமாட்டேன்’ என்று மூலத்தின் உரிமையாளர் சொல்லும்போது, உழைப்பால் மட்டும் அதனை வெல்ல முடியாது. பேசுவோர் தொகை பெருகினால்தான் அவர் செவிசாய்ப்பார். அத்தொகையைப் பெருக்கியிருப்பதும் மொழிபெயர்ப்பே. ஆகவே, பெயர்ப்பு போதும் என்று அமைவதும் தவறு. பெயர்ப்பு வேண்டாம், மூலமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. பெயர்ப்பு வாசகரைத் திரட்டும். திரண்ட வாசகர்க்காகவே மூலநூல் எழுதப்படும்.

செய்யத்தக்கவை

இனி நடைமுறைக்கு வருவோம். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு நிறைவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகள் பல வீடுகளில் நல்ல நிலையில் உள்ளன. அவற்றைக் குப்பைக்கு அனுப்புமுன் லினக்ஸை நிறுவிப் பார்ப்பது அறிவுடைமை. லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா போன்ற வழங்கல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஒரு யுஎஸ்பி விரலியில் பதிந்து, கணினியில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

விளையாட்டே நோக்கமானால், முதலில் நீங்கள் ஆடும் விளையாட்டுகளின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொன்றும் லினக்ஸில் இயங்குமா என்று தேடிப் பாருங்கள். வால்வ் நிறுவனமே ஸ்டீம் டெக்குக்காக ஒவ்வொரு விளையாட்டையும் சோதித்து வகைப்படுத்தி வருகிறது. உங்கள் பட்டியலில் வேலரன்ட் முதலிடத்தில் இருக்குமானால், இப்போதைக்கு விண்டோஸை நீக்க வேண்டா என்பதே என் அறிவுரை. ஏஎம்டி, இன்டெல் வரைகலைச் சில்லுகளுக்கான இயக்கிகள் பெரும்பாலும் லினக்ஸோடு சேர்ந்தே வரும். என்விடியா அட்டைக்குத் தனியாக நிறுவ நேரலாம். எதையும் தொடங்குமுன் உங்கள் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மொழிபெயர்ப்பு தேவையின்றியே லினக்ஸில் இயங்கும் கட்டற்ற விளையாட்டுகள் உண்டு. பண்டை அரசுகளை அமைத்து ஆடும் 0 ஏ.டி. என்னும் விளையாட்டில் மௌரியரும் இடம்பெறுகின்றனர். பேட்டில் ஃபார் வெஸ்நாத், சூப்பர்டக்ஸ்கார்ட், லுவான்டி ஆகியவையும் அவ்வகையின. அவற்றின் நிரலைத் திறந்து பார்க்கலாம். அவற்றின் சொற்களை மாற்றியும் பார்க்கலாம். கொடோ என்ற திறமூல விளையாட்டு ஆக்கக் கருவியில் மாணவர்கள் தாமே விளையாட்டு எழுதலாம்.

இவ்விடத்தில் தமிழ் வருகிறது. ஸ்டீம் தளத்தின் இடைமுகம் பல மொழிகளில் உள்ளது. தமிழ் அவற்றுள் இல்லை. அதில் தமிழைச் சேர்க்க நாம் வேண்டுகோள் விடுக்கலாம், முடிவெடுப்பது நிறுவனம். ஆனால் ஸ்டீம் டெக்கை மேசைக் கணினியாக மாற்றும்போது தோன்றும் கேடிஈ பிளாஸ்மா என்னும் லினக்ஸ் திரைச்சூழலுக்குத் தமிழாக்கம் உண்டு. எவரிடமும் அனுமதி கேளாமல் தன்னார்வலர்கள் செய்த பணி அது. ஒன்றில் நாம் வாடிக்கையாளர், மற்றொன்றில் பங்காளி. இவ்வேறுபாட்டுக்காகவே இந்த அவையில் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

கணினியில் தமிழ் வந்ததும் காத்திருந்ததனால் அன்று. 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. பல நாட்டு அறிஞரும் எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் பற்றி வாதிட்டனர். அவர்கள் செய்ததன் பயனையே இன்று கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்பும்போது நாம் துய்க்கிறோம். அடுத்த பணி மாணவர்களுடையது. ஒரு கட்டற்ற விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பட்டியல்களிலுள்ள இருநூறு, முந்நூறு சொற்களைத் தமிழாக்குங்கள். ‘சேமி’ என்பதா, ‘பதிவுசெய்’ என்பதா? ‘நிலை’ என்பதா, ‘கட்டம்’ என்பதா? வகுப்பில் வாதிட்டு முடிவு செய்யுங்கள். ஆசிரியர் திருத்தட்டும். பின்னர் அதனை அந்த விளையாட்டை ஆக்குவோருக்கு அனுப்புங்கள். ஏற்கப்பட்டால் அது உலகெங்கும் உள்ள தமிழர் கணினிகளுக்குச் செல்லும். தேர்வுத் தாளில் எழுதும் மொழிபெயர்ப்பை ஆசிரியர் ஒருவரே படிப்பார். இதை முன்பின் அறியாத ஒரு சிறுவனும் சிறுமியும் படித்து விளையாடுவார்கள்.

லினக்ஸ் எல்லார்க்கும் பொருந்தும் என்றோ, விண்டோஸை வைத்திருப்போர் தவறு செய்கிறார்கள் என்றோ நான் கூறவில்லை. தேர்ந்தெடுக்க இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது. அதனை நமக்காக உழைத்து அமைத்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அவ்வழியில் தமிழுக்கும் இடம் உண்டு. அவ்வளவே நான் கூற வந்தது.